பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 - ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த உயிரியலாளரும் சமூகவியலாளரும் நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். ஏழை மக்களை வெளியேற்றாமல், அவர்கள் வாழும் இடத்திலேயே நகரைச் சீர்படுத்த வேண்டும் என்பது இவரது கொள்கை. இதனை இவர் விரிவாக எழுதியது இந்திய நகரங்களைப் பற்றிய அறிக்கைகளிலேயே ஆகும்.

இளமைக்காலம்

பல்லட்டர் என்னும் ஊரில் பிறந்த கெடிஸ், இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879 இல் மெக்சிக்கோவில் ஆய்வு செய்கையில் சில காலம் பார்வையை இழந்தார். அதன்பின் நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்ற இயலாது போகவே, இவரது கவனம் சமூகத்தின் பக்கம் திரும்பியது. 1886 இல் அன்னா மோர்ட்டனை மணந்தார். இருவரும் எடின்பரோ பழைய நகரின் நெரிசல் மிக்க குடியிருப்பு ஒன்றில் ஏழைகளுக்கிடையே குடியேறி, அண்டை வீட்டாருடன் சேர்ந்து அவ்விடத்தைச் சீரமைத்தனர். 1888 முதல் 1919 வரை டண்டீயில் தாவரவியல் பேராசிரியராகவும் இருந்தார்.

சென்னை வருகை

சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914 இல் கெடிஸ் இந்தியா வந்தார். இவரது நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னையைப் பீரங்கியால் தாக்கிய அதே எம்டன்தான். நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடைபெற்றது.

தொடர்ந்து மாகாண நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் அமைக்கும் திட்டம் இருந்தது. கெடிஸ் அதனை ஏற்கவில்லை. பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் நீக்கி, காலி மனைகளைத் திறந்த வெளிகளாக்கினால் போதும் என்றும், அதற்குச் செலவு மிகக் குறைவு என்றும் காட்டினார். இடிக்கப்பட்ட வீட்டின் ஏழை வேறொரு நெரிசலான தெருவுக்கே போய்ச் சேர்வார் என்பது இவரது வாதம். நோயறியாமல் கத்தியை எடுக்கும் மருத்துவரைப் போன்றதே ஆய்வின்றி இடிப்பது என்று கருதிய இவர், தம் முறைக்குக் காக்கும் அறுவை மருத்துவம் என்ற பொருள்படும் பெயரை இட்டார்.

1920 இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அது பிரித்தானியச் சட்டத்தையே பெரிதும் தழுவியது.

இந்தோர்

1917 இவருக்குத் துயரமான ஆண்டு. மூத்த மகன் போரில் இறந்தார். சில வாரங்களில் மனைவியும் இந்தியாவிலேயே காய்ச்சலால் இறந்தார். எனினும் பணி நிற்கவில்லை. பிளேக் பரவியிருந்த இந்தோரில் தீபாவளி ஊர்வலம் ஒன்றை நடத்தினார். வீடுகளை நன்கு தூய்மை செய்த தெருக்கள் வழியாகவே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டதால் மக்கள் போட்டியிட்டு ஊரைத் துப்புரவு செய்தனர். தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளாடை உடுத்தி, மாலை சூட்டிய துடைப்பங்களுடன் ஊர்வலத்தில் நடந்தனர். இவரது பணிகளுள் இதுவே மிகவும் நினைவுகூரத்தக்கது எனலாம்.

கருத்துகள்

தனித்தனி ஊர்கள் வளர்ந்து ஒன்றாவதைக் குறிக்க இவர் 1915 இல் உருவாக்கிய சொல் இன்றும் வழக்கில் உள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை சென்னையுடன் ஒட்டி வளர்ந்தமை அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியானது. இவ்வூர்களின் ஏரிகள் பல இன்று வீடுகளால் சூழப்பட்டுள்ளன. 2015 வெள்ளத்தில் கொரட்டூரில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கொசுவுக்கு அஞ்சி நகரக் குளங்களைத் தூர்ப்பதை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்த்தவர் கெடிஸ். குளம் மழைவெள்ளத்தைத் தாங்கும், காற்றைக் குளிர்விக்கும். கொசுவுக்கு மீனும் வாத்தும் போதும் என்பது இவரது நிலை.

இறுதிக்காலம்

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸின் வரலாற்றை 1920 இல் நூலாக எழுதினார். 1925 இல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். முன்பு மறுத்த சர் பட்டத்தை 1932 இல் ஏற்று, அதே ஆண்டில் பிரான்சின் மொண்ட்பெலியேயில் காலமானார். இவரது இந்திய அறிக்கைகளின் பகுதிகளைத் தொகுத்து ஜாக்குலின் டிர்விட் 1947 இல் நூலாக வெளியிட்டார்.