சிறையிலும் தளராத சீகன்பால்கு ஐயர்

சோதனைக் காலத்தில் விசுவாசம் எங்ஙனம் வேரூன்றி வளரும் என்பதை அறிய விரும்புவோர், பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரவர்களின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவார்களாக.

1682ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துப் புல்ஸ்னிட்ஸ் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். பிணியும் இவரை அடிக்கடி வருத்திற்று. எனினும் டென்மார்க்கு அரசரின் அழைப்பை ஏற்று, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார்.

1708 அக்டோபரிற் புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியமையால், தளபதியின் சினத்திற்கு ஆளாகிச் சிறைப்பட்டார். எழுதுகோலும் தாளும் முதலில் மறுக்கப்பட்டன. ஜெபமே அவருக்குத் துணையாயிற்று. நான்கு திங்கள் கழிந்து விடுதலை பெற்றவர், பகைமை பாராட்டாது தம் பணியை மீண்டும் மேற்கொண்டு 1711இல் நிறைவேற்றினார். 1715இல் அச்சேறி முடிந்த அந்நூலே இந்திய மொழியொன்றில் அச்சான முதற் புதிய ஏற்பாடாகும்.

மணலூர்பேட்டை வழியே ஓடிவரும் தென்பெண்ணை கடலிற் கலக்கும் கடலூரிலும், 1717இல் இவர் முயற்சியாற் பள்ளி தோன்றிற்று.

பழைய ஏற்பாட்டை ரூத்து ஆகமம் வரை பெயர்த்திருந்த நிலையில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் உயிர் நீத்தார். எஞ்சியதைச் சூல்ட்ஸ் ஐயர் முடித்தார்.

விதைத்தவர் அறுவடை முழுவதையும் கண்டாரில்லை. ஆயினும் விதைப்பதை நிறுத்தினாரில்லை. மாணவ நண்பர்களே, கிறிஸ்தவ நம்பிக்கையாவது இதுவே.