காலந்தாழ்த்தித் திறந்த கதவு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1906 ஆம் ஆண்டு வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் சாட்செல் பெய்ஜ். சிறுவயதில் இரயில் நிலையத்தில் பெட்டி சுமந்தார். சிறு களவுக்காக அனுப்பப்பட்ட சீர்திருத்தப் பள்ளியில் பேஸ்பால் ஆட்டத்தின் பந்துவீச்சைக் கற்றுத் தேர்ந்தார். 1926 இல் சட்டனூகா அணியில் சேர்ந்து, மறு ஆண்டே பர்மிங்காம் அணிக்கு உயர்ந்தார். ஆயினும் அவை கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட அணிகளே. வெள்ளையரின் உயர்நிலை அணிகள் அவரது நிறத்தைக் கண்டன, திறத்தைக் காணவில்லை. 1947 இல் ஜாக்கி ராபின்சன் அத்தடையைத் தகர்த்தார். 1948 இல், தம் 42 ஆம் வயதில், பெய்ஜ் கிளீவ்லாந்து அணியில் இடம்பெற்று 6 வெற்றிகளை ஈட்டினார். அவ்வாண்டு அவ்வணியே உலகத் தொடரை வென்றது. 1971 இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பெற்ற அவர், 1982 இல் மறைந்தார்.

22 ஆண்டுகள் கதவு மூடியிருந்தும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. நம் பிள்ளைகட்கு அவ்வுறுதியைக் கற்பிப்போம். அவர்கட்குரிய கதவு காலத்தே திறக்க நாமே உழைப்போம்.