பேட்ஸும் ஒரு கிளியும்

ஹென்றி வால்டர் பேட்ஸ் இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில் 1825-ல் பிறந்தவர். 13 வயசில், அதாவது என் வயசில், பள்ளியை விட்டுவிட்டுக் காலுறை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரியில்தான் படிப்பு.

1848-ல் நண்பர் வாலஸுடன் அமேசான் காட்டுக்குப் போனார். அங்கே நீல மக்காவ் கிளிகளைக் கண்டார். சுத்தியலுக்கே லேசில் உடையாத பனைவகைக் கொட்டையை அது அலகால் கூழாக்கிவிடுமாம்!

ஒருசமயம் ஒரு வருஷமாக ஊரிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. இருந்த காசும் திருடுபோச்சு. கிழிந்த துணியோடு, வெறுங்காலோடு காட்டில் திரிந்தார். நானாயிருந்தா அழுதிருப்பேன். அவரோ 11 வருஷம் தங்கி, 14,000-க்கு மேல் உயிரினங்களைச் சேர்த்தார். பெரும்பாலும் பூச்சிகள். 1859-ல் ஊர் திரும்பி, 1892-ல் காலமானார்.

ஆனா எனக்கு மனசில் நின்றது ஒரு குட்டிப் பச்சைக்கிளிதான். தபஜோஸ் ஆற்றில் கூட்டத்திலிருந்து தண்ணீரில் விழுந்ததை அவருடைய ஆள் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். கடித்தது, சாப்பிடவே மாட்டேன் என்றது. அந்த ஊர்ப் பழங்குடிப் பாட்டி ஒருவர் வாங்கிப் போய் இரண்டே நாளில் பழக்கிக் கொடுத்தார்! அப்புறம் நன்றாகப் பேசவும் கற்றுக்கொண்டது. ஒருநாள் காட்டுவழியில் அது தொலைந்துபோச்சு. மூன்று மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பினால், பழகிய குரல் கூப்பிடுது!

– 8-ஆம் வகுப்பு மாணவி