மதுரகவி பாஸ்கரதாஸ்

மதுரகவி பாஸ்கரதாஸ் (1892 - டிசம்பர் 20, 1952) தமிழ் நாடகப் பாடலாசிரியரும் நாடக ஆசிரியரும் ஆவார். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) திரைப்படத்திற்குப் பாடல்கள் இயற்றியமையால் தமிழ்த் திரையுலகின் முதல் பாடலாசிரியராகக் கருதப்படுகிறார். மதுரையை மையமாகக் கொண்டு செயற்பட்ட இவரது பாடல்கள் நாடக மேடை, இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றின் வழியாகவும் மக்களைச் சென்றடைந்தன.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் பிறந்தார். இயற்பெயர் வெள்ளைச்சாமி. பின்னர் மதுரைக்கு வந்து நாடகங்களுக்குப் பாடல்கள் எழுதினார்.

நாடகப் பாடல்கள்

அக்காலத்தில் மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை செல்வாக்குப் பெற்றிருந்தது. இதில் நடிகர்கள் நிலையான ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகையின்றி மேடையேறினர். கதையும் பாத்திரங்களும் அனைவரும் அறிந்தவை. எனவே, பாடுவதற்குப் புதிய பாடல்கள் தேவைப்பட்டன. ஒரு நடிகர் கற்ற பாடல் அவருடன் ஊர் ஊராகச் சென்றது.

ஆங்கில அரசு 1876 ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தின் மூலம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய முடிந்தது. ஆகவே விடுதலைக் கருத்துகள் புராணக் கதைகளுக்குள் வைத்துப் பாடப்பட்டன. வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாஸ்கரதாஸ் எழுதிய பாடலில் விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு ஆங்கிலேயரைக் குறித்தது. அவையோர் அதனை உடனே புரிந்துகொண்டனர். இப்பாடலை விசுவநாததாஸ் பாடிப் புகழ்பெறச் செய்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலை (1919), கதர், காந்தி ஆகியவை குறித்தும் பாஸ்கரதாஸ் பாடல்கள் இயற்றினார்.

இசைத்தட்டுகள்

எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் உள்ளிட்ட புகழ்பெற்ற கலைஞர்கள் இவரது பாடல்களைப் பாடினர். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்ய இயலும். எனவே மேடையில் விரித்துப் பாடப்பட்டவை சுருங்கின. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அவை சிற்றூர்களிலும் ஒலித்தன. ஆயினும் பாடியவர்களை அறிந்த அளவுக்கு எழுதியவரை மக்கள் அறிந்திருக்கவில்லை.

திரைப்படம்

எச். எம். ரெட்டி இயக்கத்தில் அர்தேசிர் இரானி தயாரித்த காளிதாஸ், அக்டோபர் 31, 1931 அன்று வெளியானது. டி. பி. ராஜலட்சுமி கதாநாயகியாக நடித்தார். கதைக்குத் தொடர்பில்லாத போதிலும், காந்தியின் இராட்டினத்தைப் போற்றும் பாஸ்கரதாசின் பாடல் இதில் இடம்பெற்றது. இப்படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை.

நாட்குறிப்புகள்

பாஸ்கரதாஸ் 1917 முதல் 1951 வரை நாட்குறிப்புகள் எழுதிவந்தார். இவற்றை அவரது பேரரும் நாடகக் கலைஞருமான ச. முருகபூபதி தொகுத்து நூலாக வெளியிட்டுள்ளார். எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி ஆகியோரும் இவரது பேரர்களே. எழுத்து ஆவணங்கள் அரிதான ஸ்பெஷல் நாடக வரலாற்றுக்கு இந்நாட்குறிப்புகள் முதன்மைச் சான்றாக விளங்குகின்றன.