இரத்தினக் குழிகளில் எலும்பு தேடியவர்

நாவுலையிலும் நாலந்தாவிலும் நாம் ஏறி விளையாடிய பாறைகளில் உயிர்ச்சுவடு தேடிப் பயனில்லை. அவை முதுகெலும்புள்ள விலங்குகள் தோன்றுமுன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. திரியாசிக் காலக் கடலில் நீந்திய பெரும் ஊர்வனவற்றின் எலும்புகள் இமயமலைப் பக்கம் கிடைக்கின்றன; இலங்கையில் அக்காலத்துக் கடற்பாறை இல்லை. ஆயினும் எலும்பு தேடுவதிலேயே ஆயுளைக் கழித்த ஒருவர் இங்கும் இருந்தார்.

அவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல. 1900இல் பிறந்தவர், வரலாற்றறிஞர் சேர் போல் ஈ. பீரிஸின் மகன். கேம்பிரிட்ஜிலும் ஹாவட்டிலும் கற்றுத் திரும்பி, 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தார். மீன்கள், கடலாமைகள், முதலைகள் என அவர் எழுதாத உயிரினம் குறைவு.

அவரது பெரும்பணி சப்ரகமுவாவின் மாணிக்கக் குழிகளில் நடந்தது. குழியடியில் மாணிக்கம் தங்கும் பருக்கைக்கல் படையை 'இல்லம்' என்பர். அதை மேலே ஏற்றிக் கூடையிலிட்டு நீரில் அரிக்கும்போது, கல்லோடு கல்லாகப் பற்களும் எலும்புத் துண்டுகளும் வெளிப்படும். மாணிக்கம் தேடுபவருக்கு அவற்றால் ஒரு சதமும் கிடையாது. தெரணியகலவுக்கோ அவைதான் மாணிக்கம். நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் ஒருகாலத்தில் இம்மண்ணில் வாழ்ந்தன என்பதை அவற்றைக் கொண்டே நிறுவினார். குருவிட்டையில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டார். கொடியிலும் இலச்சினையிலும் மட்டுமே சிங்கத்தைக் கண்ட நமக்கு இது வியப்பான செய்திதான்.

இரண்டு பற்களுக்கு ஒரு பெயரா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெயர் சூட்டுவதில் அவர் சற்றுத் தாராளமானவர். மேலும், ஆறு புரட்டிச் சேர்த்த பருக்கையில் வெவ்வேறு காலத்து எலும்புகள் கலந்து கிடப்பதால் வயதைக் கணிப்பது கடினம். ஆனால் அன்று அவர் பொறுக்கி வைத்திராவிட்டால், இன்று ஐயப்படுவதற்கும் எதுவும் இருந்திராது.

பலாங்கொடை மனிதன் என்று நாம் பாடசாலையில் படித்த ஆதிமனிதனுக்கு அப்பெயரை வழங்கியவரும் இவரே. மகன் சிரான் தெரணியகல தொல்லியலாளராகி, தந்தை முன்னர் அகழ்ந்த பட்டதொம்பலென குகையை மீண்டும் அகழ்ந்தார்.

தெரணியகல 1976இல் காலமானார். இலங்கையில் மட்டுமே வாழும் சிறு பாம்பு ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.