தலைகீழ் கிட்டார்... 125 வருட வால்நட் கட்டையில் பிறந்த ‘லூசி’... யார் இந்த ஆல்பர்ட் கிங்?

இடது கைப் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். கத்தரிக்கோலில் ஆரம்பித்து, காலேஜில் எழுதும் பலகை வைத்த நாற்காலி வரை எல்லாமே வலது கைக்காரர்களுக்காகச் செய்தவைதான். கிட்டாரும் அப்படித்தான்.

அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வளர்ந்த ஒரு இடது கைக்காரர், தனக்கென்று ஒரு கிட்டார் வரும் என்று காத்திருக்கவில்லை. கிடைத்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கம்பிகளைக்கூட மாற்றவில்லை. அப்படியே வாசித்து, ப்ளூஸ் இசையின் ‘மூன்று கிங்’களில் ஒருவர் ஆனார். கடைசியில், ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அவர் கைக்கென்றே ஒரு கிட்டார் செய்யப்பட்டது. அதுவும், கிட்டாருக்கு அதிகம் பயன்படுத்தாத கருப்பு வால்நட் மரத்தில்!

அவர்தான் ஆல்பர்ட் கிங். அவருடைய வாழ்க்கையையும், ‘லூசி’ என்ற அந்த கிட்டாரின் கதையையும் விரிவாகப் பார்க்கலாம்.

சுருட்டுப் பெட்டியில் ஒரு கிட்டார்

ஆல்பர்ட் கிங்கின் நிஜப் பெயர் ஆல்பர்ட் நெல்சன். பிறந்தது 1923 ஏப்ரல் 25, அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில். எட்டு வயதில் அம்மாவோடு பக்கத்து மாகாணமான அர்கன்சாவில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டி பகுதிக்கு இடம்பெயர்ந்தார். அங்கே குடும்பத்துக்கு வேலை என்றால் அது பருத்திக் காட்டில்தான். ஆல்பர்ட்டும் பருத்தி பறித்தே வளர்ந்தார்.

கிட்டார் வாங்கக் காசு கிடையாது. அதனால் தானே ஒன்றைச் செய்துகொண்டார். சுருட்டு அடைத்து வரும் பெட்டிதான் உடல், செடியிலிருந்து வெட்டிய குச்சிதான் கழுத்து, துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பிதான் தந்தி. கொஞ்ச காலம் கழித்து ஒன்றேகால் டாலர் கொடுத்து ஒரு நிஜ கிட்டாரை வாங்கினார்.

பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது. அது வலது கைக்காரர் வாசிக்கும் கிட்டார். இவரோ இடது கைக்காரர். சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்?

சாதாரண கிட்டாரில் ஆறு கம்பிகள் இருக்கும். வாசிப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் தடிமனான கம்பி, தரையைப் பார்த்த பக்கம் மெல்லிய கம்பி. வலது கை கம்பிகளை மீட்டும், இடது கை ஸ்வரங்களைப் பிடிக்கும்.

இடது கைக்காரர்கள் பலரும் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிட்டாரைத் திருப்பிப் பிடித்துவிட்டு, கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். ராக் இசையின் பெரிய பெயரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் செய்தது இதைத்தான்.

ஆல்பர்ட் அதையும் செய்யவில்லை. அதனால் அவருக்கு மெல்லிய கம்பி மேலே, தடிமனான கம்பி கீழே. மற்றவர்கள் படித்த பாடம் எதுவும் அவருக்கு உதவாது. ஒவ்வொரு விரல் பிடிப்பையும் அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் குறைதான் பிறகு அவருடைய பலமாக மாறியது. நம்ம ஊர் இசையில் கமகம் என்று சொல்வோமே, அதுபோல ப்ளூஸ் கிட்டாரில் கம்பியை விரலால் வளைத்து ஸ்வரத்தை மேலே ஏற்றுவார்கள். மற்றவர்கள் மெல்லிய கம்பியை மேல்நோக்கித் தள்ளுவார்கள். ஆல்பர்ட்டோ கீழ்நோக்கி இழுப்பார். கையை வெளியே தள்ளுவதைவிட, முஷ்டியை மூடுவது மாதிரி உள்ளே இழுப்பதில் விரல்களுக்கு வலு அதிகம். போதாததற்கு அவர் ஆறடிக்கு மேல் உயரம், பெரிய கைகள். கம்பிகளையும் வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் தளர்வாக வைத்திருப்பார். பிளெக்ட்ரம் கிடையாது, கட்டை விரலாலேயே மீட்டுவார்.

அதனால் அவர் வளைக்கும் ஸ்வரம் ஒன்று மனிதக் குரல் அழுவது போலக் கேட்கும். நாலே நாலு ஸ்வரம் வாசித்தாலும் இது ஆல்பர்ட் என்று தெரிந்துவிடும்.

புல்டோசர் டிரைவர் டூ மேடை

இவ்வளவு திறமை இருந்தும் உடனே வாய்ப்பு வந்துவிடவில்லை. பல வருடங்கள் கட்டுமான வேலை, புல்டோசர் ஓட்டும் வேலை என்றுதான் பிழைப்பு ஓடியது. இரவில் உள்ளூர் க்ளப்களில் வாசிப்பார். பெரிய உடல், மென்மையான குரல் இரண்டும் சேர்ந்ததால் பின்னாளில் ‘வெல்வெட் புல்டோசர்’ என்ற பட்டப்பெயரே வந்தது.

1950களின் தொடக்கத்தில் வடக்கே இண்டியானா மாகாணத்தின் கேரி நகரத்துக்குப் போனார். அங்கே ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடுக்கு டிரம்ஸ் வாசித்தார். 1953ல் பேரட் என்ற சிகாகோ நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பெரிதாகப் போகவில்லை.

‘கிங்’ என்ற பெயர் எப்படி வந்தது?

ப்ளூஸ் உலகில் அப்போது ஏறுமுகத்தில் இருந்தவர் பி.பி.கிங். 1952ல் அவருடைய பாடல் ஒன்று ஆர்&பி பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. அவர் தன் சொந்த ஊராகக் கருதியது மிசிசிப்பியின் இண்டியனோலா. அவருடைய கிட்டாருக்குப் பெயர் ‘லூசில்’.

ஆல்பர்ட் நெல்சன், ஆல்பர்ட் கிங் ஆனது இந்தச் சமயத்தில்தான். தானும் இண்டியனோலாவில் பிறந்தவர் என்றார். பி.பி.கிங்கின் சகோதரர் என்றும் சொல்லிவந்தார். பிற்பாடு தன் கிட்டாருக்கு வைத்த பெயர் ‘லூசி’.

ஆனால், இருவருக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. 1942ல் ஆல்பர்ட் கொடுத்த சோஷியல் செக்யூரிட்டி விண்ணப்பத்தில் பிறந்த ஊராக இருப்பது இண்டியனோலா இல்லை, வேறொரு ஊர். சுருக்கமாகச் சொன்னால் பெயர், ஊர், உறவு என்று நிறைய விஷயங்களை அவர் கடன் வாங்கினார். வாசிப்பை மட்டும் யாரிடமும் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது, அவரைப் போல கிட்டார் பிடிப்பவர்களே சொற்பம்.

யாரும் வாங்காத ‘வி’ கிட்டார்

1956 வாக்கில் செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டிய பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் அவருடைய அடையாளமாகப் போகும் கிட்டார் கைக்கு வந்தது. கிப்சன் நிறுவனத்தின் ‘ஃப்ளையிங் வி’.

1958ல் கிப்சன் இதை அறிமுகப்படுத்தியபோது பலரும் முகம் சுளித்தார்கள். ராக்கெட் யுகத்துக்கு ஏற்ற மாதிரி ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் ஒரு கிட்டார். மரமும் வித்தியாசம்தான். ஆப்பிரிக்காவில் வளரும் லிம்பா என்ற மரத்தில் செய்து, அதற்கு ‘கொரினா’ என்று வியாபாரப் பெயரும் வைத்தார்கள். முதல் இரண்டு வருடங்களில் நூறுகூட விற்கவில்லை. தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த நூறுக்குள் ஒன்றை வாங்கியவர் ஆல்பர்ட். அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில், மேல் ஸ்வரங்களை விரல் எட்டுவதற்காக உடலின் கீழ்ப்பக்கம் வெட்டி எடுத்திருப்பார்கள். திருப்பிப் பிடித்தால் அந்த வெட்டு மேலே போய்விடும், கை இடிக்கும். ‘வி’ வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எப்படித் திருப்பினாலும் கழுத்தின் கடைசி வரை விரல் போகும்.

உலகமே வேண்டாம் என்று ஒதுக்கிய வடிவம், தலைகீழாகப் பிடிப்பவருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

44 வயதில் வந்த வெற்றி

1961ல் ‘டோன்ட் த்ரோ யுவர் லவ் ஆன் மீ ஸோ ஸ்ட்ராங்’ பாடல் ஆர்&பி பட்டியலில் 14வது இடம் பிடித்தது. அதன் பிறகு மறுபடியும் ஒரு தேக்கம்.

திருப்பம் வந்தது 1966ல். மெம்பிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. அங்கே அவருக்குப் பின்னால் வாசித்தவர்கள் ‘புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ்’ குழுவினர். 1967ல் வந்தது ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ ஆல்பம். கெட்ட நேரத்தில் பிறந்தவன் என்று அர்த்தம் வரும் தலைப்பு. ஆனால் ஆல்பர்ட்டின் நல்ல நேரம் ஆரம்பித்தது இதில்தான். அப்போது அவருக்கு வயது 44.

1968ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கம். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ராக் இசை கேட்கும் வெள்ளை இளைஞர்கள். ஹென்ட்ரிக்ஸ் வாசித்த அதே மேடையில் ஆல்பர்ட்டும் வாசித்தார், அரங்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். அதே வருடம் அங்கே நேரடியாகப் பதிவான ‘லைவ் வயர்/ப்ளூஸ் பவர்’ ஆல்பமும் வந்தது. 1969ல் செயின்ட் லூயிஸ் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடும் சேர்ந்து வாசித்தார்.

இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் தன் ‘க்ரீம்’ குழுவுக்காக வாசித்த ‘ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ’ பாடலின் கிட்டார் பகுதி, ஆல்பர்ட்டின் ‘ஓ, ப்ரெட்டி வுமன்’ பதிவில் இருந்து ஏறத்தாழ அப்படியே எடுத்தது.

லூசி பிறந்த கதை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு புகழ் வந்த பிறகு, நல்ல இடது கை கிட்டார் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம்.

வாங்கலாம், ஆனால் அவருக்கு அது உதவாது! கம்பெனிகள் விற்கும் இடது கை கிட்டார் என்பது, வலது கை கிட்டாரின் கண்ணாடிப் பிம்பம். அதிலும் தடிமனான கம்பி மேலேதான் இருக்கும். ஆல்பர்ட்டுக்கோ அது கீழே இருக்க வேண்டும். அதாவது, வலது கை கிட்டாரும் அவருக்கானது இல்லை, இடது கை கிட்டாரும் அவருக்கானது இல்லை. தனியாகச் செய்தால்தான் உண்டு.

1970களின் தொடக்கத்தில் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் மிச்சிகன் மாகாணத்தின் ஆன் ஆர்பர் நகரில் கிட்டார் செய்துவந்த டான் எர்ல்வைன். அவரே ஒரு ப்ளூஸ் குழுவில் வாசித்தவர். வடிவம் அதே ‘வி’. மரம் மட்டும் வேறு. சுமார் 125 வருடம் பழமையான கருப்பு வால்நட் கட்டை.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு மஹோகனி, ஆல்டர், ஆஷ், மேப்பிள் போன்ற மரங்கள்தான் வழக்கம். கருப்பு வால்நட், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளர்வது. அடர்ந்த பழுப்பு நிறம், அழகான ரேகை. மேஜை, அலமாரி, துப்பாக்கிக் கட்டை செய்ய அதிகம் பயன்படும். நல்ல எடையும் இருக்கும்.

மரத்தை மாற்றினால் சத்தம் மாறுமா? இதில் இன்றும் சண்டை ஓயவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை, அதற்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அதனால் மரத்தின் பங்கு ரொம்பக் குறைவு என்பது ஒரு கட்சி. மரத்தைப் பொறுத்து அதிர்வு நீடிப்பதும் அடங்குவதும் மாறும் என்பது இன்னொரு கட்சி. ஆனால் எடை, தோளில் தொங்கும்போது நிற்கும் சமநிலை, கைக்குக் கிடைக்கும் உணர்வு இதெல்லாம் மரத்தைப் பொறுத்தது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

இடது கைக்காரருக்கு கிட்டார் செய்வது என்றால் வடிவத்தைத் திருப்பி வெட்டினால் மட்டும் போதாது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் ‘நட்’ பள்ளங்கள் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் பொருந்த வேண்டும். கீழே ‘பிரிட்ஜ்’ பகுதியில் கம்பியின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சுருதி சேராது. ஒலி கூட்டிக் குறைக்கும் திருகுகள், ஒயர் சொருகும் இடம், தோள்பட்டை மாட்டும் குமிழ், கழுத்தின் ஓரத்தில் வைக்கும் அடையாளப் புள்ளிகள் என எல்லாவற்றையும் வாசிப்பவரின் பக்கத்தில் இருந்து யோசிக்க வேண்டும்.

கழுத்தில் ஆல்பர்ட் கிங் என்ற பெயரையும், தலைப்பகுதியில் லூசி என்ற பெயரையும் முத்துச்சிப்பி ஓட்டில் வெட்டிப் பதித்தார் எர்ல்வைன். கம்பி வரிசையை மட்டும் மாற்றவே இல்லை. ஆல்பர்ட் சின்ன வயதில் தானாகக் கற்றுக்கொண்ட அதே வரிசை. முதல் தடவையாக, அவர் கிட்டாருக்காக வளையாமல், கிட்டார் அவருக்காக வளைந்தது.

சரிவும் கடைசி மேடையும்

1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் நிறுவனம் திவாலானது. ஆல்பர்ட் வேறு நிறுவனங்களுக்கு மாறினார். பழைய அளவுக்கு ஹிட் இல்லை. ஆனால் மேடைகள் குறையவில்லை. வாயில் பைப், கையில் ‘வி’ கிட்டார் என்று ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகர டிவி ஸ்டுடியோவில், 29 வயது ஸ்டீவி ரே வானோடு சேர்ந்து வாசித்தார். டெக்சாஸைச் சேர்ந்த அந்த இளைஞர், ஆல்பர்ட்டின் இசைத்தட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர். வலது கைக்காரரான அவர், ஆல்பர்ட் கீழே இழுத்த ஸ்வரங்களை மேலே தள்ளி வாசிக்கப் பழகியிருந்தார். ‘இன் செஷன்’ என்ற பெயரில் அந்தப் பதிவு வெளியானது 1999ல். அதற்குள் இருவருமே உயிரோடு இல்லை.

1992 டிசம்பர் 21, மெம்பிஸில் மாரடைப்பால் காலமானார் ஆல்பர்ட் கிங். வயது 69. அதற்கு இரண்டு நாள் முன்புகூட லாஸ் ஏஞ்சல்ஸில் மேடை ஏறியிருந்தார். சின்ன வயதில் பருத்தி பறித்த அர்கன்சா மாகாணத்திலேயே, எட்மண்ட்சன் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 2013ல் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் அவருக்குக் கிடைத்தது.

இன்றைக்கு இடது கை கிட்டார் வாங்குவது ஓரளவு சுலபம். ஆனாலும் கடைகளில் மாடல்கள் குறைவுதான், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டிய நிலைமை பல இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு இடது கைக் குழந்தை கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தால் உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஆல்பர்ட் கிங்கின் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.