பட்டம் பெறாத பேரறிஞர் மினகட்டா குமகுசு
(இளம் அறிவியல், தாவரவியல், மூன்றாம் ஆண்டு)

யானையைக் கண்டு வியப்பவர் பலர். எறும்பைக் கண்டு நின்று நோக்குபவர் சிலர். எறும்பினும் சிறிய உயிர்களைத் தேடிக் காட்டிலும் மேட்டிலும் வாழ்நாளைக் கழித்தவர்களோ மிகமிகச் சிலர். அத்தகையோருள் ஒருவர்தாம் ஜப்பான் நாட்டுப் பேரறிஞர் மினகட்டா குமகுசு. அவர் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறவில்லை; எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக அமரவில்லை. எனினும் நாடாளும் பேரரசரே அவரை அழைத்துப் பாடம் கேட்டார். நான் படித்தறிந்த அப்பெரியாரின் வாழ்வை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.

சளிப்பூஞ்சை என்பது யாது?

குமகுசுவின் பெயரோடு இணைந்தே பேசப்படுவது சளிப்பூஞ்சை. மழைக்காலத்தில் மட்கிய கட்டையின்மீது மஞ்சளாகவோ வெண்மையாகவோ யாரோ கூழைக் கொட்டியதுபோல் படர்ந்திருக்கும். இந்த நிலைக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர். செல் சுவர் இல்லாமல், எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே உயிர்க்கூழ் அது. மெல்ல நகர்ந்து பாக்டீரியாக்களை விழுங்கி வளரும். உணவோ ஈரமோ குறைந்தால், மறைவிடத்தை விட்டு வெளியே வந்து ஓரிரு நாளில் அசையாது நின்றுவிடும். நின்ற இடத்தில் குண்டூசித் தலை போன்ற நுண்ணிய ஸ்போரகங்கள் தோன்றும். அவை வெடித்து ஸ்போர்த் தூளைக் காற்றில் பரப்பும். நேற்று விலங்குபோல் ஊர்ந்தது இன்று செடிபோல் நிற்கிறது! பெயரில் பூஞ்சை இருந்தாலும், இன்றைய அறிவியல் இதனை அமீபாக்களின் உறவாகவே கருதுகிறது. உலகில் ஏறத்தாழ 1,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இதைக் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டியதில்லை. எங்கள் தலத்தெருவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த நாள்களில் மட்கிய தென்னங்கட்டையையும், வைக்கோல் போரின் அடிப்புறத்தையும், வாழைச் சருகையும் புரட்டிப் பார்க்கிறேன். கிணற்றடிக் கட்டை ஒன்றில் சாக்லேட் நிறத்தில் மயிர்க்கற்றைபோல் நெருங்கி நின்ற ஸ்டெமோனைட்டிஸைக் கண்ட நாளிலிருந்துதான், இவ்வுயிரை ஆராய்ந்தவர் யார் யார் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கிடைத்தவரே குமகுசு.

மரத்தின் பெயர் தாங்கிய பிள்ளை

குமகுசு 1867ஆம் ஆண்டு மே மாதம் வகயாமா நகரில் இரும்புச் சாமான் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் பெயரின் 'குசு' என்பது கற்பூர மரத்தைக் குறிக்கும். அப்பகுதியின் புஜிஷிரோ ஆலயத்தில் ஒரு பெரிய கற்பூர மரம் உண்டு. அவ்வாலயத்தாரிடம் பிள்ளைக்குப் பெயர் பெறுவது அக்குடும்பத்தின் வழக்கம். நம் ஊர்களில் தலமரத்தை வணங்குவோர்க்கு இவ்வழக்கம் புதுமையாகத் தோன்றாது.

இளமையிலேயே அவரது நினைவாற்றல் பேர்போனது. 105 தொகுதிகள் கொண்ட பழைய கலைக்களஞ்சியம் ஒன்றைப் பிறர் வீட்டில் படித்து, மனத்தில் நிறுத்தி, தம் வீட்டுக்கு வந்து படங்களோடு எழுதி முடித்தார் என்பர். ஆனால் பள்ளிப் பாடம் அவரைக் கவரவில்லை. டோக்கியோவில் பல்கலைக்கழக ஆயத்தப் பள்ளியில் சேர்ந்தும், தேர்வில் தவறி 1886இல் வெளியேறினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கும் வகுப்பறை அவருக்கு ஒத்துவரவில்லை. மிச்சிகனில் தாமே நூல்களைப் படித்தார். புளோரிடாவிலும் க்யூபாவிலும் அலைந்து பூஞ்சை, பாசி, லைக்கன்களைச் சேகரித்தார். 1892இல் இலண்டன் சேர்ந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகமே அவருடைய பல்கலைக்கழகம் ஆயிற்று. 1893இல் கீழைநாட்டு விண்மீன் கூட்டங்களைப் பற்றிய அவரது கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவர் வாழ்நாளில் அவ்விதழில் ஏறத்தாழ 50 எழுத்துகள் வெளியாயின. சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் அங்கேதான் அவருக்கு நண்பரானார். ஆனால் முன்கோபம் அவரோடு பிறந்தது. படிப்பகத்தில் ஒருவரை அடித்ததும் பின்னர் நிகழ்ந்த பூசல்களும் நூலகத்தின் கதவையே அடைத்துவிட்டன. 1900இல் வெறுங்கையராய்த் தாயகம் திரும்பினார்.

காடே ஆய்வுக்கூடம்

குமனோ மலைப்பகுதியில் நாச்சி அருவியை அடுத்த காடுகளில் சில ஆண்டுகள் தனித்து வாழ்ந்து மாதிரிகளைத் திரட்டினார். 1904 முதல் தனபே என்னும் கடலோர ஊரில் தங்கினார். 1906இல் ஓர் ஆலய அர்ச்சகரின் மகளாகிய மட்சுவேயை மணந்தார்.  ஒரு நுண்நோக்கியும் வண்ணத் தூரிகையும் அவருக்குத் துணையாயின. ஆயிரக்கணக்கான காளான், பூஞ்சைகளை வண்ணத்தில் வரைந்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் குறிப்பெழுதி வைத்தார்.

சளிப்பூஞ்சைகளை இனங்காண அவர் நாடியது இங்கிலாந்தின் லிஸ்டர் குடும்பத்தை. அறுவை மருத்துவத்தில் கிருமிநீக்க முறையைக் கொணர்ந்த ஜோசப் லிஸ்டரின் உடன்பிறந்தாரான ஆர்தர் லிஸ்டர் ஒரு மது வணிகர். அவரும் அவர் மகள் குலியெல்மாவும் தம் ஆர்வத்தாலேயே இத்துறையின் முதன்மை அறிஞர்களாயினர். கடல் கடந்து மாதிரிகள் சென்றன. மறுமொழிக் கடிதங்கள் வந்தன. 1917இல் தம் வீட்டுத் தோட்டத்துச் சீமைப் பனிச்சை மரத்தின் பட்டையில் குமகுசு ஒரு புதிய சளிப்பூஞ்சையைக் கண்டார். 1921இல் குலியெல்மா அதனைப் புதிய பேரினமாக அறிவித்து, 'மினகட்டெல்லா' என்று அவர் பெயரையே சூட்டினார். உலகைச் சுற்றியவருக்கு அழியாப் புகழ் தந்தது கொல்லைப்புறத்து மரம்!

ஆலயச் சோலைகளுக்காக ஒரு போர்

1906இல் ஜப்பானிய அரசு சிற்றாலயங்களை ஒன்றாக இணைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. ஆலயம் மறைந்தால் அதன் சோலையும் கோடரிக்கு இரையாயிற்று. பல நூறாண்டு மரங்கள் விலைபோயின. குமகுசு சளிப்பூஞ்சை தேடிய நிழல்கள் எல்லாம் வெயிலாயின.

1909 முதல் அவர் எழுத்தால் போராடினார். மரம் போனால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகிப் பயிர் அழியும், ஊற்று வற்றும், கூடும் இடமின்றி ஊரின் ஒற்றுமையும் சிதையும் என்று விளக்கினார். சூழலியல் என்னும் கருத்தை அதன் மேலைநாட்டுப் பெயராலேயே 1911இல் தம் கடிதங்களில் குறித்தார். வெட்டப்படுமுன் சோலைகளைப் புகைப்படமாகப் பதிவு செய்யவும் முனைந்தார். 1910இல் ஒரு பெருமரத்தின் அருகே மேலாடையின்றித் தாமே நின்று எடுத்துக்கொண்ட படம் இன்றும் புகழ்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், இணைப்பை ஆதரித்த அதிகாரி வந்திருந்த கூட்டத்தில் புகுந்து கலகம் செய்ததால் 18 நாள் காவலில் இருந்தார். அங்கும் அவர் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்தார் என்று சொல்வர்.

எல்லாவற்றையும் அவரால் காக்க இயலவில்லை. தம் முன்னோர் வழிபட்ட ஓயாமா ஆலயமே 1913இல் இணைக்கப்பட்டது. ஆயினும் தனபே விரிகுடாவின் காஷிமா தீவு தப்பியது. வேறு சில சோலைகளும் தப்பின. 1920இல் மேலவையின் தீர்மானத்தோடு இணைப்புக் கொள்கை ஓய்ந்தது.

பேரரசர் முன் மிட்டாய்ப் பெட்டிகள்

பேரரசர் ஹிரோஹிட்டோவும் உயிரியல் ஆர்வலர், சளிப்பூஞ்சைகளை ஆராய்ந்தவர். 1929 ஜூன் 1ஆம் நாள் அவர் காஷிமா தீவில் இறங்கினார். பின்னர் 'நாகாட்டோ' போர்க்கப்பலில் குமகுசுவின் விளக்கவுரையைக் கேட்டார். அன்று குமகுசு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் காணிக்கையாக அளித்தார். அவற்றை அழகிய மரப்பேழையில் வைக்கவில்லை. கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தார்! அந்த எளிமையைப் பேரரசர் மறக்கவேயில்லை. 1962இல் அப்பகுதிக்கு மீண்டும் வந்தபோது, தொலைவில் தெரிந்த காஷிமாவைக் கண்டு குமகுசுவை நினைந்து ஒரு கவிதை இயற்றினார்.

வீட்டினுள்ளே துயரம் இருந்தது. ஒரே மகன் 1925இல் மனநோயுற்றார். மகள் ஃபுமியே தந்தையின் படப்பணிக்குத் துணை நின்றார். 1935இல் காஷிமா நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 29ஆம் நாள் தமது 74ஆம் வயதில் குமகுசு மறைந்தார். அவர் நடந்த குமனோவின் புனித வழிகள் 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

நாம் செய்யத்தக்கது

நம் பக்கத்திலும் இத்துறைக்கு மரபு உண்டு. இலங்கைப் பேராதனையில் டாம் பெட்ச் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சளிப்பூஞ்சைகளைப் பட்டியலிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அக்னிஹோத்ருடு 1950களில் தென்னிந்திய இனங்களை ஆராய்ந்தார். இந்திய இனங்களைப் பற்றித் திண்ட் எழுதிய நூல் 1977இலும், லக்கன்பாலும் முகர்ஜியும் எழுதிய நூல் 1981இலும் வெளிவந்தன.

நண்பர்களே! இன்று நம் கையில் கைபேசி இருக்கிறது. சிறு உருப்பெருக்கி வில்லையை அதன்மேல் பொருத்தினால் ஸ்போரகத்தின் காம்பும் தலையும் தெளிவாகத் தெரியும். கையை அசைக்காமல், பக்கவாட்டு ஒளியில், அளவுகோல் ஒன்றையும் சேர்த்துப் படம் எடுங்கள். மறுநாளும் சென்று எடுங்கள். ஒரே இரவில் உருவமும் நிறமும் மாறியிருக்கும். படம் மட்டும் இனங்காணப் போதாது. ஸ்போர்த் தூளின் நிறம், காம்பு, சுண்ணாம்புத் துகள், உள்ளிருக்கும் நூல்வலை ஆகியவற்றை நுண்நோக்கியில் பார்த்தாக வேண்டும். ஆகவே சிறு துண்டைக் காயவைத்துத் தீப்பெட்டியின் அடியில் ஒட்டி, நாள், இடம், எதன்மேல் கிடைத்தது என்பவற்றை எழுதி வையுங்கள். பேரரசருக்கு மிட்டாய்ப் பெட்டி போதுமானதாயிருந்தது; நமக்குத் தீப்பெட்டி போதாதா?

புதுச்சேரியை அடுத்த புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்றவை சோழமண்டலக் கரையின் பழங்காடுகளுக்கு எஞ்சிய சான்றுகள். நம் காரைக்கால் சிற்றூர்களின் குளக்கரையிலும் கோயில் புறத்திலும் நிற்கும் பழைய மரங்களின் அடியில் என்னென்ன வாழ்கின்றன என்று எழுதி வைத்தவர் அரியர். கணக்கில் இல்லாத உயிரை இழந்தால், இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. குமகுசு போராட முடிந்தது, தம் ஊர்ச் சோலையில் இருப்பவை இன்னின்ன என்று அவர் அறிந்திருந்ததால்தான். வரும் மழைக்காலத்தில் ஆளுக்கொரு கட்டையையேனும் நின்று பார்ப்போம். பார்த்ததை எழுதி வைப்போம்.